போர்ச்சுகல் கால்பந்தைப் பின்தொடர்வது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போர்ச்சுகல் கால்பந்து என்றதும் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிறிஸ்டியானோ ரொனால்டோவும் தேசிய அணியின் சிவப்புச் சட்டையும்தான். உலகக் கோப்பையும் யூரோ கோப்பையும் எளிதில் பார்க்கக் கிடைப்பதால் அந்த வாசல் வழியாகவே பலரும் உள்ளே வருகிறார்கள். ஆனால் தேசிய அணி ஓராண்டில் ஆடுவது சில ஆட்டங்களே. அவற்றுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. ஆகஸ்ட் தொடங்கி மே வரை வாராவாரம் நடப்பது லீக் ஆட்டம். ஆகவே லீக்கிலிருந்து தொடங்கித் தேசிய அணிக்கு வந்து சேரும் பாதையையே நான் பரிந்துரைக்கிறேன். மூன்று பெரிய கழகங்களை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பிறகு அவற்றுக்கு வெளியே ஒரு கழகத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பருவம் முழுவதும் விடாமல் பின்தொடருங்கள். அப்படிச் செய்தவருக்குத் தேசிய அணியின் வீரர் பட்டியலில் தெரியாத பெயர் என்று அதிகம் இருக்காது.

முதலில் நாட்காட்டியும் கடிகாரமும்

முதல் பிரிவான பிரிமேரா லீகாவில் 18 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் மற்ற 17 கழகங்களுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் மோதுவதால் மொத்தம் 34 சுற்றுகள். ஒரு சுற்றின் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள் வரை பரவியிருக்கும். எந்தச் சுற்றில் யாருடன் யார் என்பது பருவத்துக்கு முன்பே தெரிந்துவிடும். சரியான நாளும் நேரமும் சில வாரங்களுக்கு முன்னர்தான் உறுதியாகும். எனவே பருவத் தொடக்கத்தில் கிடைக்கும் அட்டவணையை அப்படியே நம்பித் திட்டமிடாமல், ஒவ்வொரு மாதமும் லீக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகலின் கடிகாரம் பிரிட்டனின் கடிகாரத்தோடு ஒத்துப்போவது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடைக்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இது மாறும். லிஸ்பனில் பிற்பகல் 3.30-க்குத் தொடங்கும் ஆட்டம் ஜனவரியில் நமக்கு இரவு 9 மணிக்கு வரும், இரவு 8.30 ஆட்டமோ அதிகாலை 2 மணிக்கு. பெரிய கழகங்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு நேரத்தில் வைக்கப்படுவதும், சிறிய கழகங்கள் பிற்பகலில் ஆடுவதும் வழக்கம். சிறிய கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் தூக்கம் கெடாது என்ற நன்மையும் இருக்கிறது.

மூன்று பெரியவர்கள்

1934-35-இல் தொடங்கிய இந்த லீக்கில் 2024-25 வரை நடந்தவை 91 பருவங்கள். அவற்றில் பென்ஃபிகா 38 முறையும், போர்ட்டோ 30 முறையும், ஸ்போர்ட்டிங் 21 முறையும் பட்டம் வென்றுள்ளன. எஞ்சிய இரண்டில் ஒன்றை 1945-46-இல் லிஸ்பனின் பெலெனென்செஸ் கழகமும், மற்றொன்றை 2000-01-இல் போர்ட்டோ நகரின் போவிஸ்தா கழகமும் பெற்றன. வேறு யாருக்கும் பட்டம் கிடைத்ததில்லை. மூன்று பெரிய கழகங்களும் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழிறங்கியதும் இல்லை. நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் பிறந்தவரும் உள்ளூர்க் கழகத்தோடு கூடவே இந்த மூன்றில் ஒன்றையும் ஆதரிப்பது அங்கே இயல்பான ஒன்று.

பென்ஃபிகா 1904-இல் லிஸ்பனில் தொடங்கப்பட்டது. சிவப்புச் சட்டை, கழுகுச் சின்னம், லூஷ் மைதானம். ஆட்டம் தொடங்குமுன் விட்டோரியா என்ற பெயருடைய உயிருள்ள கழுகு அரங்கின் மேல் வட்டமடித்துவிட்டு, மைதானத்தில் வைக்கப்பட்டிருக்கும் கழகச் சின்னத்தின் மேல் வந்து அமரும். அது அமரும் கணத்தில் எழும் ஆரவாரத்தை முழுதாகக் கேட்பதற்காகவே ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக ஒளிபரப்பைத் திறந்து வைக்கலாம். 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்ற கழகம் இது. இரண்டாவது இறுதிப்போட்டியில் ரியல் மாட்ரிட்டை 5-3 என வீழ்த்தியபோது மொசாம்பிக்கில் பிறந்த இளைஞரான யூசேபியோ இரண்டு கோல் அடித்தார். அந்த வெற்றிக்குப் பிறகு விலகிய பயிற்சியாளர் பேலா குட்மன், இனி நூறாண்டுகளுக்கு இக்கழகம் ஐரோப்பியக் கோப்பை எதையும் வெல்லாது என்று சபித்துச் சென்றதாகச் சொல்வார்கள். அதன்பின் பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதிப்போட்டிகளில் தோற்றிருப்பதால் அந்தக் கதை இன்றும் ஓயவில்லை.

ஸ்போர்ட்டிங் 1906-இல் தொடங்கப்பட்டது. பச்சை-வெள்ளைப் பட்டைச் சட்டை, சிங்கச் சின்னம், அல்வலாட் மைதானம். லூஷும் அல்வலாடும் லிஸ்பனின் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி, சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. இக்கழகத்தின் உண்மையான பெருமை அதன் இளைஞர் பயிற்சியில் இருக்கிறது. பவுலோ ஃபூத்ரே, லூயிஸ் ஃபிகோ, ரொனால்டோ, குவாரெஸ்மா, நானி எனத் தலைமுறைக்குத் தலைமுறை வீரர்கள் அங்கிருந்து வந்தார்கள். 2002-க்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் பட்டமின்றிக் காத்திருந்து, ரூபன் அமோரிம் பயிற்சியில் 2021-இல் மீண்டும் வென்றது; 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அதனிடமே வந்தது.

போர்ட்டோ வடக்கின் கழகம். 1893-இல் தொடங்கப்பட்டது; நீல-வெள்ளைச் சட்டை, டிராகன் சின்னம், அதே பெயரில் மைதானம். தலைநகரின் ஆதிக்கத்துக்கு எதிராக வடபகுதி எழுப்பும் குரலாகத் தன்னை நிறுத்திக்கொள்வது இதன் இயல்பு. அந்த மனநிலையை வளர்த்தவர் 1982 முதல் 2024 வரை தலைவராக இருந்த பின்டு த கோஸ்தா. 1987-இல் வியன்னாவில் பயர்ன் மியூனிக்கை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பையையும், மொரினியோவின் பயிற்சியில் 2003-இல் யூஈஎஃப்ஏ கோப்பையையும் (இன்றைய யூரோப்பா லீக்) 2004-இல் சாம்பியன்ஸ் லீக்கையும் கைப்பற்றியது. மூன்று கழகங்களில் அண்மைக் காலத்தில் ஐரோப்பாவில் கோப்பை வென்றது போர்ட்டோ மட்டுமே.

இவை வெறும் கால்பந்துக் கழகங்களும் அல்ல. ரோலர் ஹாக்கி, ஹேண்ட்பால், கூடைப்பந்து, ஃபுட்சால், தடகளம் என்று பல விளையாட்டுகளில் இவற்றுக்கு அணிகள் உண்டு. 1984 ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற கார்லோஸ் லோபேஸ் ஸ்போர்ட்டிங்கின் ஓட்டக்காரர். கழகத்தின் தலைவரைச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே கழகத் தேர்தல் வரும் ஆண்டில் விளையாட்டுச் செய்திகளில் பாதி அரசியலாக இருக்கும்.

நான்காவதாக ஒரு கழகம்

பெரிய மூன்றில் ஒன்றின் ரசிகராவதில் தவறில்லை. ஆனால் அவை மற்ற 15 கழகங்களோடு மோதும்போது பெரும்பாலும் வெல்லும் என்பதால், லீக்கின் பதற்றம் எங்கே இருக்கிறது என்பது அவற்றின் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஓர் இடைநிலைக் கழகத்தைப் பின்தொடர்பவர் ஒரே பருவத்தில் ஐரோப்பிய வாய்ப்பு, கீழிறங்கும் அச்சம், நல்ல வீரரை ஜனவரியில் இழக்கும் வேதனை ஆகிய அனைத்தையும் பார்த்துவிடுவார்.

தேர்வுக்கு என் முதல் பரிந்துரை விட்டோரியா டி கிமரைஷ். போர்ச்சுகலின் முதல் மன்னரான அஃபோன்சோ என்ரிக்கேஷின் பெயரைத் தாங்கிய மைதானம், வெள்ளைச் சட்டை, சட்டையில் அந்த மன்னரின் உருவம். நாடு பிறந்த ஊர் என்று கிமரைஷ் தன்னைச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தப் பெருமிதம் காரணமாகவே பெரிய மூன்றில் எதையும் ஏற்காமல் சொந்த ஊர்க் கழகத்தை மட்டும் ஆதரிப்பவர்கள் நிறைந்த நகரம் அது. 2013-இல் பென்ஃபிகாவை 2-1 என வென்று போர்ச்சுகல் கோப்பையைப் பெற்றது.

அதன் பக்கத்து ஊரும் பெரும் போட்டியாளருமான பிராகா, கடந்த இருபதாண்டுகளில் மூன்றை நான்காக்க முயன்றுவரும் கழகம். 2009-10-இல் லீக்கில் இரண்டாமிடம், 2011-இல் யூரோப்பா லீக் இறுதிப்போட்டி வரை வந்து போர்ட்டோவிடம் 0-1 எனத் தோல்வி, 2016, 2021 ஆண்டுகளில் போர்ச்சுகல் கோப்பை. அதன் மைதானத்தைப் பார்ப்பதற்காகவே ஓர் ஆட்டத்தை ஒதுக்கலாம். எட்வர்டோ சோட்டோ டி மோரா வடிவமைத்த அந்த அரங்கம் ஒரு பழைய கல்குவாரிக்குள் கட்டப்பட்டது. நீளவாக்கில் இரண்டு பக்கங்களில் மட்டுமே இருக்கைகள். ஒரு கோலுக்குப் பின்னால் வெட்டப்பட்ட பாறைச் சுவர் நிமிர்ந்து நிற்கிறது, மறுமுனை பள்ளத்தாக்கை நோக்கித் திறந்து கிடக்கிறது, இரு கூரைகளையும் மைதானத்துக்கு மேலாக ஓடும் எஃகு வடங்கள் இழுத்துப் பிடிக்கின்றன.

தீவுகளில் நாட்டமுள்ளவர்கள் அசோர்ஸ் தீவுகளின் சான்டா கிளாராவையோ, மதெய்ராவின் நாசியோனாலையோ, மரீத்திமோவையோ எடுத்துக்கொள்ளலாம். மதெய்ராவில் பிறந்த ரொனால்டோ, பன்னிரண்டு வயதில் ஸ்போர்ட்டிங்குக்குச் செல்வதற்கு முன் ஆடியது நாசியோனாலின் சிறுவர் அணியில்தான்.

புள்ளிப்பட்டியலை வாசித்தல்

வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 என்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். இங்கே கவனிக்க வேண்டியது, பருவ முடிவில் இரு கழகங்கள் சம புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசத்தை உடனே பார்ப்பதில்லை. அந்த இருவரும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் முடிவே முதலில் கணக்கில் வரும். 2024-25 பருவத்தில் 33 சுற்றுகள் முடிந்தபோது ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் 79 புள்ளிகளில் சமமாக நின்றன. டிசம்பரில் அல்வலாடில் ஸ்போர்ட்டிங் 1-0 என வென்றிருந்தது. மே மாதம் லூஷில் நடந்த ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்திருந்தது. ஆகவே கடைசிச் சுற்றில் பென்ஃபிகா வென்றாலும், ஸ்போர்ட்டிங் வென்றுவிட்டால் பட்டம் ஸ்போர்ட்டிங்குக்கே என்ற நிலை. ஸ்போர்ட்டிங் கிமரைஷை 2-0 என வென்றது, பென்ஃபிகா பிராகாவில் 1-1 எனச் சமன் செய்தது. அன்று எல்லாக் கண்களும் பட்டத்தின் மீதே இருந்தன; கிமரைஷ் ரசிகருக்கோ அதே தோல்வியில் ஐரோப்பிய இடம் கைநழுவி, ஐந்தாமிடம் சான்டா கிளாராவுக்குப் போனது.

பட்டியலின் அடியில் கடைசி இரண்டு கழகங்கள் நேரடியாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். பதினாறாவது கழகம் இரண்டாம் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த கழகத்துடன் இரண்டு ஆட்டங்கள் மோதித் தன் இடத்தைக் காக்க வேண்டும். பெரிய கழகங்களின் ‘பி’ அணிகளும் இரண்டாம் பிரிவில் ஆடுகின்றன; அவை எவ்வளவு மேலே முடித்தாலும் முதல் பிரிவுக்கு ஏற முடியாது. நாளைய தேசிய அணி வீரர்களை இன்றே காண விரும்புபவர்கள் அந்த ‘பி’ அணிகளைக் கவனிப்பது நல்லது. மேலே எத்தனை கழகங்கள் எந்த ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் என்பது போர்ச்சுகலின் ஐரோப்பியத் தரவரிசையைப் பொறுத்து மாறுவதால், ஒவ்வொரு பருவமும் அதைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை ஆட்டங்கள்

பருவத்தின் தொடக்கத்தில் சூப்பர் கோப்பையும், குளிர்காலத்தில் லீக் கோப்பையும் உண்டு. ஆனால் மனதைப் பறிகொடுக்க வேண்டியது போர்ச்சுகல் கோப்பைக்குத்தான். முதல் பிரிவுக் கழகங்கள் மூன்றாம் சுற்றில் சேரும்போது கீழ்ப்பிரிவுக் கழகத்தின் ஊருக்குப் போய் ஆட வேண்டும் என்ற விதி அந்தச் சுற்றுக்குத் தனி உயிர் தருகிறது. 2017-18-இல் மூன்றாம் படிநிலையில் இருந்த கால்டாஸ் அரையிறுதி வரை வந்தது. இறுதிப்போட்டி லிஸ்பனை ஒட்டிய ஜாமோரில், 1944-இல் திறக்கப்பட்ட தேசிய மைதானத்தில் நடக்கும். மரங்கள் அடர்ந்த அந்தச் சூழலில் காலையிலேயே குடும்பம் குடும்பமாக ரசிகர்கள் வந்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு, மாலையில் அரங்கத்துக்குள் நுழைவார்கள். மே மாத இறுதியில் வரும் அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள்.

கழகமும் அதன் நிறுவனமும்

புதியவர்களைப் பெரிதும் குழப்பும் விஷயம் இது. கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. போர்ச்சுகலில் தொழில்முறைப் பிரிவுகளில் ஆடும் கழகம், அணியை நடத்த ஒரு நிறுவனத்தை உருவாக்க வேண்டும். அதன் பங்குகளை வெளியார் வாங்கலாம். கழகம் உறுப்பினர்களுடையது, அணி முதலீட்டாளருடையது என்று பிளவு விழும் அபாயம் இங்கேதான் பிறக்கிறது. பெலெனென்செஸ் கழகத்துக்கு நேர்ந்தது அதுவே. பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்தவர்களோடு ஏற்பட்ட பிணக்கு முற்றி, 2018-இல் இரண்டும் பிரிந்தன. நிறுவனத்தின் அணி முதல் பிரிவிலேயே தொடர்ந்தது. கழகமோ உறுப்பினர்களோடு லிஸ்பன் மாவட்டத்தின் கடைசிப் பிரிவிலிருந்து புதிதாக ஓர் அணியைத் தொடங்கியது. ரசிகர்கள் கழகத்தோடு போனார்கள். அந்த அணி படிப்படியாக ஏறி 2023-இல் இரண்டாம் பிரிவை எட்டியது. நிறுவனத்தின் அணியோ 2022-இல் முதல் பிரிவை இழந்து, அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவையும் இழந்தது. 2018-இல் ஸ்போர்ட்டிங்கை 2-1 என வென்று போர்ச்சுகல் கோப்பையைத் தூக்கிய அவெஸ் கழகமும் இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கியது. ஒரு சிறிய கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் புள்ளிகளை மட்டுமல்லாமல், அதை நடத்துவது யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வீரர்கள் வருவதும் போவதும்

ஒளிபரப்பு உரிமையை இதுவரை ஒவ்வொரு கழகமும் தனித்தனியாக விற்றுவந்திருக்கிறது. பெரிய மூன்றுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான வருமானப் பள்ளம் அதனால் ஆழமானது. 2028-29-க்குள் உரிமைகளைக் கூட்டாக விற்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதே பெரிய மூன்றும்கூட இங்கிலாந்து, ஸ்பெயின் கழகங்களோடு பணத்தில் போட்டியிட முடியாது. வீரர்களை வளர்த்தும் தென் அமெரிக்காவில் கண்டெடுத்தும் விற்பதே அவற்றின் பிழைப்பு. பென்ஃபிகா 2019-இல் ஜோவோ ஃபெலிக்ஸை 126 மில்லியன் யூரோவுக்கு அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்றது. அர்ஜென்டினாவின் என்சோ ஃபெர்னாண்டஸ் 2022 கோடையில் வந்து, இடையில் உலகக் கோப்பையை வென்று, 2023 ஜனவரி இறுதியில் செல்சிக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்தப் பருவத்தின் பட்டம் பென்ஃபிகாவுக்கே கிடைத்தது. ஆகவே உங்களுக்குப் பிடித்த வீரர் இரண்டாண்டுகளில் போய்விடுவார் என்ற எண்ணத்தோடு சட்டையை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள். ஜனவரி, ஆகஸ்ட் மாதங்களில் வரும் இடமாற்ற வதந்திகளில் கழகமே உறுதி செய்ததைத் தவிர மற்றவற்றை ஒதுக்கிவிடலாம்.

இனித் தேசிய அணி

1966 உலகக் கோப்பையில் மூன்றாமிடம், வட கொரியாவிடம் 0-3 எனப் பின்தங்கி யூசேபியோவின் நான்கு கோல்களால் 5-3 என மீண்ட காலிறுதி, 2004-இல் சொந்த மண்ணில் கிரேக்கத்திடம் இறுதிப்போட்டித் தோல்வி, 2016-இல் யூரோ கோப்பை, 2019, 2025 ஆண்டுகளில் நேஷன்ஸ் லீக். வரலாற்றுச் சுருக்கம் இவ்வளவுதான். இதற்குள் இருக்கும் மனிதர்களை அறிய லீக் உதவுகிறது.

2016 ஜூலை 10 அன்று பாரிஸை ஒட்டிய சான் தெனியில் நடந்த இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொனால்டோ காயத்தால் 25-ஆவது நிமிடத்தில் வெளியேறினார். கோல்காப்பாளர் ரூயி பட்ரீசியோவும், நடுக்களத்தில் வில்லியம் கார்வால்யோ, அட்ரியன் சில்வா, ஜோவோ மரியோ ஆகியோரும் அப்போது ஸ்போர்ட்டிங்கில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். உடன் ஆடிய ரெனாடோ சாஞ்செஸ் அந்தப் பருவத்தில்தான் பென்ஃபிகாவில் அறிமுகமான பதினெட்டு வயது இளைஞர். அவருக்குப் பதிலாக 79-ஆவது நிமிடத்தில் எடேர் உள்ளே வந்தார். கூடுதல் நேரத்தில், 109-ஆவது நிமிடத்தில், பெட்டிக்கு வெளியிலிருந்து அவர் தாழ்வாக அடித்த பந்து பிரான்ஸின் வலைக்குள் போனது. உலகம் ‘யார் இவர்’ என்று கேட்டது. கினி-பிசாவில் பிறந்து, கொயிம்ப்ராவின் அகாடெமிகாவிலும் பிறகு பிராகாவிலும் ஆடிய அந்த உயரமான முன்கள வீரரை, அந்தக் கழகங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

டியோகோ ஜோட்டாவின் பாதையும் அப்படியே. பெரிய மூன்றின் பயிற்சிக்கூடம் எதிலும் வளராமல், கொந்தொமாரில் தொடங்கி, பாசோஸ் டி ஃபெரேரா என்ற சிறிய கழகத்தில் பதின்வயதிலேயே முதல் பிரிவில் ஆடி மேலே வந்தவர். 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் அவரும், இரண்டாம் பிரிவின் பெனாஃபியெல் கழகத்தில் ஆடிவந்த அவருடைய தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்தார்கள். தேசிய அணியில் அவர் அணிந்த 21-ஆம் எண் சட்டையை இப்போது அணிவது அவருடைய நண்பர் ரூபன் நெவ்ஸ்.

தேசிய அணியை ஆழமாகப் பின்தொடர விரும்பினால், ஒவ்வொரு வீரர் பட்டியல் அறிவிப்பின்போதும் ஒரு சிறு வேலை செய்யுங்கள்: பெயருக்கு எதிரே அவர் இன்று ஆடும் வெளிநாட்டுக் கழகத்தை விட்டுவிட்டு, போர்ச்சுகலில் வளர்ந்த கழகத்தை எழுதுங்கள். நூனோ மெண்டெஸ் என்றால் ஸ்போர்ட்டிங், விட்டின்யாவும் டியோகோ கோஸ்டாவும் போர்ட்டோ, பெர்னார்டோ சில்வாவும் ரூபன் டியாஸும் ஜோவோ நெவ்ஸும் பென்ஃபிகா. லீக்கில் யாருடைய பயிற்சிக்கூடம் எப்போது செழித்தது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியவரும்.

பெண்கள் அணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்ற அவர்கள், நடப்புச் சாம்பியனான அமெரிக்காவை 0-0 எனத் தடுத்து நிறுத்தினார்கள். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அனா கபேட்டா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பாமல் இருந்திருந்தால் அமெரிக்கா முதல் சுற்றோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

செய்திகளை எங்கே வாசிப்பது

அ போலா, ரெக்கார்ட், ஓ ஜோகு ஆகிய மூன்றும் விளையாட்டு நாளிதழ்கள். முதலிரண்டும் லிஸ்பனைச் சேர்ந்தவை. ஓ ஜோகு போர்ட்டோ நகரின் பார்வையைக் கொண்டது என்பது வாசகர்களிடையே பரவலான எண்ணம். மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு ஒரே ஆட்டத்தைப் பற்றி இரண்டு நகரங்களின் இதழ்களையும் வாசித்தால் நடுநிலையான படம் கிடைக்கும். நடுவர் தீர்ப்புகள் குறித்த சர்ச்சை வாரம் முழுவதும் நீளும்; முதல் பருவத்தில் அதற்குள் போகாமல் இருப்பதே மேல். நேரடி ஒளிபரப்பு நாட்டுக்கு நாடும் பருவத்துக்குப் பருவமும் மாறுவதால், ஆகஸ்ட் தொடக்கத்தில் உங்கள் நாட்டில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் லீக்கின் அதிகாரபூர்வச் சுருக்கக் காணொளிகள் போதும். தேர்ந்தெடுத்த கழகத்தின் ஒவ்வோர் ஆட்டத்தையும், லூஷ், அல்வலாட், டிராகன் ஆகிய மூன்று அரங்கங்களிலும் பெரிய மூவர் தங்களுக்குள் மோதும் ஆறு ஆட்டங்களையும் பார்த்தாலே முதல் பருவத்துக்கு அது நிறைவானது.